தண்ணீர்ப் பக்கம், மணல் பக்கம்

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுத் துணிக்கொடியில், பாவாடைக்கும் துண்டுக்கும் நடுவே, ஒரு சிவப்புப் பஞ்சு உறையும் ஒரு நீலப் பஞ்சு உறையும் காயும். இரண்டும் மைக்குக்குப் போடுகிற தொப்பி. சிவப்பு தமிழ்ச் சேனலுக்கு, நீலம் கன்னடச் சேனலுக்கு. என் மகள் பூர்ணிமா இரண்டு சேனலுக்கும் செய்தி கொடுப்பவள். மைக் ஒன்றுதான், தொப்பியைத்தான் மாற்றுவாள். நாளெல்லாம் வெயிலில் நின்று பேசுகிறவளின் எச்சிலும் ரோட்டுப் புழுதியும் அதில் ஏறிவிடும் என்பதால் வாரம் ஒரு தடவை நான் அலசிப் போடுவேன். குடிவந்த புதிதில் மாடியில் இருக்கும் வீட்டுக்காரக் கோமளா மாமி கொடியருகே வந்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "கொழந்தைக்குக் குல்லாயா? தலையே நுழையாது போலிருக்கே" என்றார். "தலைக்கு இல்லீங்க மாமி, வாய்க்கு" என்றேன். அன்றைக்கு மாமிக்குத் தூக்கம் வந்திருக்காது. மறுநாள் என் பேத்தியைத் தனியே கூப்பிட்டு, "பாட்டி ஒன் வாயக் கட்டிப் போடறாளாடி?" என்று விசாரித்திருக்கிறார்.

பெங்களூரில் வாசலில் நின்றால் போகிறவர் வருகிறவரெல்லாம் "ஊட்டா ஆயித்தா?" என்பார்கள். சாப்பாடு ஆச்சா என்று அர்த்தம். ஆகவில்லை என்றாலும் யாரும் இலை போடப் போவதில்லை, ஆனாலும் கேட்பார்கள். இங்கே என் வயிற்றை யாரும் விசாரிப்பதில்லை. "ஆத்துல தண்ணி வந்துருச்சாங்க?" என்று ஆற்றின் வயிற்றை விசாரிக்கிறார்கள். பெங்களூரிலேயே பிறந்து, ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்து, கல்யாணமாகிப் பேத்தியும் எடுத்துவிட்ட எனக்குக் காவிரி என்றால் குழாயில் வருவது. ஒரு நாள் வரும், ஒரு நாள் காற்று மட்டும் வரும். இங்கே அம்மா மண்டபத்துப் படியில் இறங்கி நின்றபோதுதான் அது நகரும் என்பதே எனக்குத் தெரிந்தது. அங்கே எங்கள் வீட்டுக்கு அடையாளம் தமிழ்க்காரர் வீடு. இங்கே கன்னடத்துக்காரங்க வீடு. எங்கே குடிபோனாலும் எங்கள் வாசலில் வேறு ஊரின் பெயர்தான் ஒட்டிக்கொள்கிறது. அங்கே இருக்கிற நம்ம ஆட்களும், என்னைப் போல மூட்டை கட்டி இறங்கியவர்களும் இதைப் படித்தால் தலையாட்டுவீர்கள் என்று தெரியும். ஆட்டுங்கள், கழுத்துக்கு நல்லது.

பூர்ணிமா முதலில் பேட்டை கேபிள் டிவியில் புடவைத் தள்ளுபடி வாசித்தாள். பிறகு ஒரு கன்னடச் செய்திச் சேனலில் குற்றச் செய்திக்கு எடுத்துக்கொண்டார்கள். பெரிய படிப்பைப் பார்த்து எடுக்கவில்லை. எங்கள் பேட்டையில் கொலை விழுந்தால் அழுகிறவர்கள் தமிழில் அழுவார்கள், போலீஸ் கன்னடத்தில் எழுதும். நடுவில் நின்று அழுகையை எழுத்தாக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. கூட்டாளிப் பெண்கள் கல்யாண மண்டபத்துக்குப் போன வயதில் இவள் பிணவறைக்குப் போனாள். சாப்பிடும்போது எங்கள் வீட்டுப் பேச்சே வெட்டுக்காயத்தைப் பற்றித்தான். கழுத்திலா, முதுகிலா, அரிவாளா, பீர் பாட்டிலா என்று சாம்பாரை ஊற்றிக்கொண்டே சொல்லுவாள். ஆசிட் பட்ட ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டு வந்த அன்று மட்டும் தட்டைத் தள்ளி வைத்தாள். அவளைக் கட்டிக்கொண்ட மாப்பிள்ளை துபாயில் ஏ.சி. ரிப்பேர் செய்கிறார். அவர் அங்கேயே தங்கியதற்கு இந்தச் சாப்பாட்டு நேரப் பேச்சும் ஒரு காரணம் என்பது என் சந்தேகம்.

என் வீட்டுக்காரர் சண்முகம் நாமக்கல் முதலாளி ஒருவரின் லாரியை ஓட்டினார். ஆள் பெங்களூர், வண்டியின் நம்பர் தமிழ்நாடு. காவிரித் தகராறு மூண்ட ஒரு வருடம், தமிழ்நாட்டில் ஒரு கன்னடக்காரரைச் சிலர் அறைகிற துண்டுப் படம் காலையிலிருந்து டிவியில் திரும்பத் திரும்ப ஓடியது. அறைக்கு முன்னால் என்ன, பின்னால் என்ன என்று யாரும் காட்டவில்லை. மதியத்துக்குள் ஊர் பற்றிக்கொண்டது. பூர்ணிமா ரோட்டில் நேரலையில் நிற்கிறாள், நான் வீட்டில் டிவி முன்னால் நிற்கிறேன். அவள் முதுகுக்குப் பின்னால் டயர்கள் வெடிக்கின்றன. "தமிழ்நாட்டு எண் கொண்ட இன்னொரு லாரி" என்று கன்னடத்தில் சொல்லிக்கொண்டே திரும்பியவள், முகத்தைக் கேமராவுக்குத் திருப்பிக் கொண்டுவரக் கொஞ்சம் கூடுதலாக நேரம் எடுத்துக்கொண்டாள். அதற்குள் நானும் பார்த்துவிட்டேன். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் தீப்பிடித்துத் தொங்கியது என் பழைய புடவைக் கரையில் நான் தைத்துக் கொடுத்த திரை. அவரைத் தலைமுடியைப் பிடித்துக் கீழே இழுத்தார்கள். "பேட, பேட" என்று, வேண்டாம் என்பதைக் கன்னடத்தில்தான் கத்தினார். வாயை யார் கேட்டார்கள்? நம்பர் பிளேட்டைப் பார்த்தே இரும்புக் கம்பி இறங்கியது. காதுக்குள் ஆபீஸ் 'பேசு, பேசு' என்றதால் பூர்ணிமா பேசிக்கொண்டே இருந்தாள். அதற்குப் பிறகு ஐந்து மாதம் அவர் ஒரு பக்கம் விழுந்து கிடந்தார். நான் ஊட்டிய கஞ்சி மறுபக்கமாக வழியும். பிறகு அதுவும் நின்றது.

அவர் பூர்வீகம் திருவெள்ளறைப் பக்கம். நாத்தனார் திருவெறும்பூரில் இருந்தார். அந்தத் துணையில் இங்கே வந்தோம். கன்னடச் சேனலுக்குத் திருச்சியில் ஆள் வேண்டியிருந்தது, ஏனென்றால் காவிரிச் சண்டை வந்தால் முக்கொம்பைக் காட்டாமல் அவர்களுக்குப் பொழுது போகாது. இங்கே வந்தபின் ஒரு தமிழ்ச் சேனலும் சேர்த்துக்கொண்டது. முக்கொம்பு தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். காவிரி அங்கேதான் இரண்டாகப் பிரிகிறது. மேலே தேக்கி நிறுத்திய தண்ணீர் பளபளவென்று கிடக்கும். கொள்ளிடத்துக்குப் போகிற மதகை மூடியிருந்தால் அதற்குக் கீழே கண்ணுக்கெட்டிய மட்டும் மணல். மதகின் மேல் நின்று இந்தப் பக்கம் திரும்பினால் கடல், அந்தப் பக்கம் திரும்பினால் பாலைவனம். கன்னட ஆபீஸ் தண்ணீரைக் காட்டு என்னும். தமிழ் ஆபீஸ் மணலைக் காட்டு என்னும். பூர்ணிமா தொப்பியை மாற்றிக்கொண்டு உடம்பையும் திருப்பிக்கொள்வாள். கேமராமேன் ஆரோக்கியராஜும் கூடவே சுற்றி வருவார். பெயரில் மட்டும் ஆரோக்கியம், ஆள் எந்நேரமும் இருமல்.

ஒரு நாள் இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டேன். "ஏண்டி, காலையில ஒரே ஆறு அங்க வெள்ளம், இங்க வறட்சியா?"

"ரெண்டும் நெஜந்தாம்மா. நான் பொய் சொல்லல."

"பாதி முகத்துக்கு மட்டும் பவுடர் போட்டா அதுவும் நெஜ முகந்தான்."

அவள் மைக்கிலிருந்து தொப்பியைக் கழற்றினாள். "அப்பா செத்தது பாதிப் படத்துலதாம்மா" என்றாள். அதற்குமேல் நான் கிண்டல் செய்யவில்லை. அடுத்த முறை முக்கொம்பு போகும்போது தண்ணீரில் ஆரம்பித்து, மதகைத் தாண்டி, மணலில் முடிகிற மாதிரி ஒரே சுற்றாகக் காட்டுவது, அதையே இரண்டு மொழியிலும் சொல்வது, பாதியைக் கேட்டால் கொடுப்பதில்லை என்று முடிவு செய்தாள். இரண்டு ஆபீசுக்கும் சொன்னாள். இரண்டும் முனகின. கன்னட ஆபீஸ் நேரலையில் ஒரே ஒரு நிமிடம் கொடுத்தது.

அன்று நானும் காரில் ஏறிக்கொண்டேன். ஆற்றுப்பாசம் ஒன்றுமில்லை. கோமளா மாமி வீட்டில் குடியிருந்துகொண்டு மீனை வாய்விட்டுச் சொல்லவும் முடியாது. முக்கொம்பில் வாசலிலேயே வறுத்துக் கொடுப்பார்கள். நான் இலையில் மீனை வாங்கிக்கொண்டு திரும்பியபோது மதகருகே விவசாயிகள் கூட்டம். தண்ணீர் கேட்டுப் போராட்டம். தோளில் பச்சைத் துண்டு, கையில் கருகின நாற்றுக்கட்டு. பூர்ணிமா நீலத் தொப்பியை மாட்டிக்கொண்டு தண்ணீரைக் காட்டி, "நோடி, இல்லி நீரிதெ" என்று ஆரம்பித்தாள். பாருங்கள், இங்கே தண்ணீர் இருக்கிறது. அதுதான் முதல் வரி. மணல் வருவதற்கு இன்னும் முப்பது அடி நடக்க வேண்டும்.

கூட்டத்தில் பெங்களூரில் கட்டட வேலை பார்த்த ஒருவர் இருந்திருக்கிறார். அவருக்குச் சரியாகவே புரிந்தது. "தண்ணி இருக்குன்னு கன்னடத்துல சொல்றாடா! இருக்குறதையும் அங்க மூடிருவானுங்கடா!" என்று கத்தினார். முதல் உதை கேமராவுக்கு விழுந்தது. ஆரோக்கியராஜ் குப்புற விழுந்தார், கேமரா வானத்தைப் பார்த்து மல்லாந்தது. நாற்றுக்கட்டு பூர்ணிமாவின் முகத்தில் அடித்தது. வேர் மண் கண்ணில் தெறித்தது. "இருங்கண்ணா, மணலையும் காட்டத்தான் போறேன்" என்று தமிழில் சொன்னாள். அவள் சொன்னது சத்தத்தில் யார் காதுக்கும் எட்டவில்லை. யாரோ புடவையைப் பிடித்து இழுத்தார்கள், யாரோ வயிற்றில் மிதித்தார்கள். ஒருவர் கேமரா முக்காலியின் காலைக் கழற்றி வீசினார். தாடையில் விழுந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. காய்ந்த விறகை முழங்காலில் வைத்து முறிப்பது போல. ரத்தமும் ஒரு பல்லும் அவள் உள்ளங்கையில் கிடந்தன. அதை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். நான் எப்படி ஓடினேன் என்று தெரியாது. என் விலாவில் ஒரு முழங்கை இறங்கியது. அடுத்த அடிக்கு ஓங்கிய அந்தக் கையைப் பிடித்து, மிச்சமிருக்கிற ஏழு பல்லையும் அதில் இறக்கினேன். முன்பல் நாலு, அவை எலும்பு வரைக்கும் போயின. வாயெல்லாம் உப்பு. நாலு பேர் சேர்ந்து இழுத்தும் விடவில்லை. அந்த நேரத்தில் எனக்குக் கோபம் மட்டுமல்ல, ருசியும் இருந்தது. லாரி எரிந்த நாளிலிருந்து கடிக்க ஒரு கை கிடைக்காமல் இருந்தவள் நான். போலீஸ்காரப் பெண் வந்து என் மூக்கைப் பிடித்து மூடியதும்தான் வாய் திறந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் பூர்ணிமாவை எக்ஸ்ரே எடுக்க உள்ளே கொண்டுபோனார்கள். தாடை இரண்டு இடத்தில் விட்டுப்போயிருந்தது. அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டு நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மூச்சு விட்டால் விலா குத்தியது. பக்கத்தில் ஓர் ஆள், கையில் பச்சைத் துண்டைச் சுற்றி, ஊசிக்குக் காத்திருந்தார். கூடவே ஒரு போலீஸ்காரர். நான் அந்தக் கையைப் பார்த்தேன், அவர் என் வாயைப் பார்த்தார்.

"பல்லு நல்லா இருக்குங்க பெரியம்மா" என்றார்.

"மீனு தின்ன வாயி. முள்ளுன்னு நெனச்சிட்டேன்."

பெயர் முருகேசன், கொள்ளிடக் கரையில் ஒரு கிராமம். நாற்றங்கால் முழுக்கக் கருகிவிட்டதாம். "பொம்பளைய அடிக்கணும்னு வரலைங்க. தண்ணி இருக்குன்னு அங்க சொன்னா அணையத் தொறப்பாங்களா?"

"அடுத்த வரி மணலுதான். நீங்க அதுக்குள்ள அவசரப்பட்டுட்டீங்க."

"மொதல்லயே மணலச் சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா அந்த ஊர்க்காரன் அடிச்சிருப்பான். எம் புருஷன அங்க அடிச்சே கொன்னுட்டானுங்க. மகள இங்க நீங்க ஒடச்சிட்டீங்க. அங்க நம்பர் பிளேட்டப் பாத்து அடிச்சான், இங்க வாயக் கேட்டு அடிச்சீங்க. அவ்வளவுதான் வித்தியாசம்."

அப்போது போன் அடித்தது. கன்னட ஆபீஸ். உதைபட்ட கேமரா அனுப்பியது வெறும் வானமும் கூச்சலும்தான். என்ன நடந்தது என்று சொல்ல அங்கே ஆளில்லை. பேசிய பையன் குரலில் அவசரம். பூர்ணிமாவால் பேச முடியாது என்றதும், "நீங்க அம்மாவா? அஜ்ஜி, நேரலைல போடறேன், ஒரே வரி போதும். யாரு ஹொடெத்ரு? தமிளரா?" என்றான். பாட்டி, யார் அடித்தது, தமிழர்களா?

ஆமாம் என்று சொன்னால் போதும். அந்த ஓர் 'ஆமா' சாயங்காலம் வரை ஓடும். அதற்குள் எங்கேயோ ஒரு ரோட்டில் ஒரு டிரைவரைத் தலைமுடியைப் பிடித்து இறக்குவார்கள். இல்லை, வழுக்கி விழுந்தாள் என்று பொய் சொல்லலாம். அதைச் சொல்வதற்குப் பூர்ணிமா தாடையை உடைத்துக்கொண்டிருக்கவே வேண்டாம். எனக்குத் தெரிந்த தொழில் ரகசியம் ஒன்றுதான். பேட்டி கொடுப்பவர் எங்கே மூச்சு வாங்குகிறாரோ அங்கேதான் ஆபீசில் வெட்டுவார்கள் என்று பூர்ணிமா சொல்லுவாள். ஆகவே விலாவை ஒரு கையால் அமுக்கிக்கொண்டு, ஒரே மூச்சில், நடுவில் இடமே விடாமல் கன்னடத்தில் கொட்டினேன்: "தண்ணிய மொதல்ல காட்டி மணலப் பின்னால காட்டப்போன எம் மகள மணலுக்குப் போறதுக்குள்ள நாத்து கருகின வயித்தெரிச்சல்ல தமிழாளுங்க அடிச்சாங்க, அடிச்சவங்கள்ல ஒருத்தரு எம் பக்கத்துலயே ஊசிக்கு உக்காந்திருக்காரு, நான் தமிழச்சி அவரு கையக் கடிச்சுத் துப்பிட்டேன், பழிவாங்குற வேலைய நானே முடிச்சிட்டதால அங்க யாரும் சிரமப்பட்டு லாரியக் கொளுத்த வேணாம், எம் புருஷன் லாரியக் கொளுத்துனப்பவே எங்க வீட்டுக்கு வேண்டிய அளவு வெளிச்சம் வந்துருச்சு!"

கடைசி வார்த்தையில் கண் இருட்டியது. போனை மடியில் போட்டேன்.

"என்ன சொன்னீங்க பெரியம்மா?" என்றார் முருகேசன்.

"ஒங்களக் கடிச்சேன்னு சொன்னேன்."

"டிவியிலயா?" பச்சைத் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். "எங்க வீட்ல பாப்பாங்களே!"

வெட்ட இடமில்லாததால் முழுசாகவே போட்டார்கள். அன்று எந்த லாரியும் எரிந்ததாக எங்கள் காதுக்கு வரவில்லை. அது என் வாயாலா, அங்கே பிடித்த மழையாலா என்று எனக்குத் தெரியாது. இங்கே ஒரு வாரம் கறிகாய்க்காரர் முதற்கொண்டு "பாட்டி, பல்லக் காட்டுங்க" என்றார்கள். கோமளா மாமி மட்டும், "கடிச்சதெல்லாம் சரி, கையில மீன் எலை இருந்துதாமே?" என்றார். முருகேசனை மன்னித்தேன் என்று நினைக்காதீர்கள். பூர்ணிமா தாடையில் கம்பி கட்டிக் கிடந்தபோதே காகிதத்தில் 'கேஸ் குடு' என்று எழுதிக் காட்டினாள். கொடுத்தோம். நடக்கிறது. வாய்தாவுக்கு வரும்போது முருகேசன் அந்தத் தழும்புக் கையாலேயே கும்பிடுகிறார். நானும் கும்பிட்டுவிட்டு உள்ளே போய் அவருக்கு எதிராகச் சாட்சி சொல்கிறேன்.

கம்பி எடுத்ததும் அவள் கேட்ட முதல் விஷயம், முக்கொம்பில் மதகு இன்னும் மூடித்தான் இருக்கிறதா என்பது. மூடியிருந்தது. இடது தாடை வீங்கிக் கோணியிருந்தது. பேசினால் வார்த்தை பக்கவாட்டில் நழுவும். "மூஞ்சி நேராகட்டும்டி" என்றேன். "ஆறே நேராப் போகலம்மா" என்றாள். ஆரோக்கியராஜும் இரண்டு போலீஸ்காரர்களும் நானும் போனோம். அவள் மதகின் நடுவில் நின்றாள். கேமரா அவளைச் சுற்றி வந்தது. தண்ணீரில் ஆரம்பிக்கும்போது வீங்கிய கன்னம் தெரியும், மணலுக்கு வரும்போது நல்ல கன்னம் தெரியும். தமிழில் ஒரு முழுச் சுற்று, கன்னடத்தில் ஒரு முழுச் சுற்று. நடுவில் அவள் மூச்சு வாங்கவே இல்லை. இரண்டு ஆபீசுக்கும் முழுசாக அனுப்பினாள்.

சாயங்காலச் செய்தியில் இரண்டிலும் வந்தது. படத்தை வெட்ட மூச்சு எதற்கு? கன்னடச் சேனல் தண்ணீரோடு நிறுத்திக்கொண்டது, கூடவே வீங்கிய கன்னத்தையும் வைத்துக்கொண்டது. தமிழ்ச் சேனல் மணலில் ஆரம்பித்தது, அதில் அவளுக்கு நல்ல கன்னம் மட்டும்தான். டிவியில் தமிழ் ஓடியது, போனில் கன்னடம் ஓடியது. பூர்ணிமா எதையும் பார்க்காமல் குழைத்த ரசம் சாதத்தை வலது பக்கமாகவே மென்றுகொண்டிருந்தாள். நான் எழுந்து போய்ப் போனை டிவியின் ஓரத்தில் ஒட்டிப் பிடித்து, பாதி முகத்தோடு பாதி முகத்தைச் சேர்த்துப் பார்த்தேன். உயரம் சரியாக வந்தது. தண்ணீரும் மணலும் கூட ஏறக்குறைய ஒரே கோட்டில் நின்றன. ஆனால் போனில் எப்போதும் கொஞ்சம் தாமதம். டிவியில் என் மகள் பேசி முடித்து வாயை மூடிவிட்டாள். போனில் அப்போதுதான் திறந்துகொண்டிருந்தாள்.